நான்காம் நாள் வருகிறவன் முதல் நாள் வந்தவனை எப்படி அடக்குவான்?

8 அக்டோபர் 2025, மாலை (கேள்வி)

மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிறேன். திங்கட்கிழமை, ஒழுங்குபடுத்தும் டி செல்களைக் (எதிர்ப்புச் செல்கள் வரம்பு மீறாமல் அடக்கிவைப்பவை) கண்டறிந்த மூவருக்கு மருத்துவ நோபல் என்ற அறிவிப்பு வந்ததிலிருந்து பிள்ளைகள் என்னை விடுவதாக இல்லை. கிருமி நுழைந்தால் நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ் போன்ற இயல்பு எதிர்ப்புச் செல்கள் சில மணி நேரத்தில் வந்துவிடும், டி செல்கள் தயாராகி வர நாட்கள் ஆகும் என்றுதான் ஆண்டுதோறும் சொல்லிக் கொடுக்கிறேன். இப்போது, ஒழுங்குபடுத்தும் டி செல்கள் மேக்ரோஃபேஜையும் அடக்கும் என்று எங்கோ ஒரு வரி படித்து, அதை வகுப்பில் சொல்லித் தொலைத்தேன். ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், நான்காம் நாள் வருகிறவன் முதல் நாளே வந்தவனை எப்படி அடக்குவான்?" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று உட்கார வைத்திருக்கிறேன். யாராவது கைகொடுங்கள்.

8 அக்டோபர், இரவு

அவன் நான்காம் நாள் வருவதில்லை. ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறான்.

புத்தகத்தில் உள்ள நாள் கணக்கு வேறு ஆளுடையது. இதுவரை எதையும் சந்திக்காத டி செல் ஒன்று நிணநீர்க் கணுவில் தன் கிருமியை அடையாளம் கண்டு, பெருகி, புண் இருக்கும் இடத்துக்கு வந்து சேர ஆகும் காலம் அது. ஒழுங்குபடுத்தும் டி செல்களில் பெரும்பகுதி டி செல்கள் வளரும் தைமஸ் என்ற நெஞ்சுச் சுரப்பியிலேயே அந்த வேலைக்கென்று உருவாகி வெளியே வருகிறது. குடல், தோல், நுரையீரல், கொழுப்பு என்று பல இடங்களில் முன்கூட்டியே குடியேறிவிடுகிறது. பெரியவர்களின் இரத்தத்தில் சிடி4 என்ற வகை டி செல்களை எண்ணினால் 5 முதல் 10 சதவீதம் இவைதான்.

இனி ட்ரெக் என்றே எழுதுகிறேன். ஆய்வகத்தில் அப்படித்தான் சொல்வோம். முழுப் பெயரையும் ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய எனக்குப் பொறுமை இல்லை.

9 அக்டோபர், காலை

பள்ளிக்குக் கிளம்புமுன் பார்ப்பீர்கள் என்று அவசரமாக எழுதுகிறேன். வீட்டில் இருப்பது வேறு, அடக்குவது வேறு. ட்ரெக் மற்ற டி செல்களை அடக்கிவிட்டது, அவை கத்தாததால் மேக்ரோஃபேஜ் தானாக அமைதியானது என்றும் சொல்லலாம் அல்லவா? உங்கள் மாணவி அடுத்து இதைத்தான் கேட்பாள்.

அந்த முடிச்சை 2003இல் ஃபியோனா பவ்ரியின் ஆக்ஸ்போர்டு குழு அவிழ்த்தது. ராக் என்ற மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு டி செல்லும் கிடையாது, பி செல்லும் கிடையாது. அவற்றின் குடலில் ஹெலிகோபேக்டர் ஹெபாடிகஸ் என்ற பாக்டீரியாவைக் குடியேற்றினார்கள். டி செல் ஒன்றுகூட இல்லாமலே குடலில் அழற்சி வந்தது. முழுக்க முழுக்க இயல்பு எதிர்ப்புச் செல்களின் கைவேலை. அந்த எலிகளுக்கு ட்ரெக்கை மட்டும் செலுத்தியபோது அழற்சி அடங்கியது. அடக்குவதற்கு வேறு டி செல்லே இல்லாத வீடு அது. ஆகவே ட்ரெக் கை வைத்தது இயல்பு எதிர்ப்பின் மீதுதான். ஐஎல்-10, டிஜிஎஃப்-பீட்டா என்ற இரண்டு புரதங்களும் இருந்தால்தான் இது நடந்தது.

வகுப்புக்கு இது போதும்.

9 அக்டோபர், இரவு

போதவில்லையாம். "ஐஎல்-10 என்றால் என்ன, எதைக் கொண்டு அடக்குகிறது" என்று கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

ஐஎல்-10 ஒரு சமிக்ஞைப் புரதம். மேக்ரோஃபேஜின் மேற்பரப்பில் அதற்கென்று ஏற்பி உண்டு. அது வந்து உட்கார்ந்தால், டிஎன்எஃப், ஐஎல்-12 போன்ற அழற்சிச் சரக்குகளின் உற்பத்தியை மேக்ரோஃபேஜ் குறைத்துக்கொள்ளும். சாவதில்லை, தூங்குவதும் இல்லை. தொழில் மாறுகிறது. மனித மோனோசைட்டுகளை (மேக்ரோஃபேஜாக மாறக்கூடிய இரத்தச் செல்கள்) ட்ரெக்கோடு சேர்த்து வளர்த்தால் அவை அழற்சிப் பக்கம் சாயாமல் ஆற்றும் பக்கம் சாய்கின்றன என்று லண்டன் கிங்ஸ் கல்லூரியிலிருந்து 2007இல் ஒரு கட்டுரை வந்தது. அதை நானும் செய்து பார்த்திருக்கிறேன். அந்தக் கதையை நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

11 அக்டோபர்

சனிக்கிழமை. நேரம் கிடைத்தது.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வகத்தில் செல் பிரிக்கும் வேலையில் இருந்தேன். ஊர், பெயர் வேண்டாம். காலை 7 மணிக்குக் கொடையாளர் இரத்தம் வரும். அடர்த்திக் கரைசலின் மேல் மெதுவாக ஊற்றிச் சுழற்றினால், நடுவில் பால் ஆடை போல ஒரு வெள்ளை வளையம் நிற்கும். அதை உறிஞ்சி எடுத்து, கழுவி, ஒளிரும் ஆன்டிபாடி போட்டு, ஐஸில் வைத்து, கருவியின் முன் உட்கார்ந்தால் மாலை ஆகிவிடும். அவ்வளவுக்கும் குழாயின் அடியில் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு ஒரு பொட்டு ட்ரெக் மிஞ்சும். அந்தக் குழாயைத் தட்டிவிட்டு அழுத பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். நானும் ஒருமுறை கிட்டத்தட்ட அழுதேன்.

மோனோசைட்டை ட்ரெக்கோடு ஒன்றரை நாள் வைத்து, பிறகு பாக்டீரியாச் சுவரின் எல்பிஎஸ் என்ற பொருளைச் சேர்த்து, டிஎன்எஃப் எவ்வளவு வருகிறது என்று, குழிகள் உள்ள தட்டில் செய்யும் எலைசா என்ற நிறச் சோதனையில் பார்ப்பது திட்டம். கடைசியில் அமிலம் ஊற்றியதும் நீலம் மஞ்சளாக மாறும். டிஎன்எஃப் எவ்வளவு அதிகமோ அவ்வளவு மஞ்சள். மோனோசைட் மட்டும் இருந்த வரிசை அடர் மஞ்சள். சாதாரண டி செல் சேர்த்த வரிசையும் அப்படியே. ட்ரெக் சேர்த்த வரிசை எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீரில் கலந்த நிறம். கருவியில் வைக்காமலே தெரிந்தது. கணக்குப் போட்டபோது கால்வாசியாகக் குறைந்திருந்தது. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போய்க் காட்டினேன்.

அந்தத் தட்டில் ஒரு கோளாறு உண்டு. பிறகு சொல்கிறேன்.

12 அக்டோபர்

"ஐஎல்-10தான் எல்லாம் என்கிறீர்களா" என்று இங்கே ஒருவர் முறைக்கிறார். இல்லை. அது குடல் எலிக்கதையில் வந்த ஆயுதம். இடத்துக்கு இடம் ஆயுதம் மாறுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது ட்ரெக்கின் மேல் இருக்கும் சிடிஎல்ஏ-4 என்ற புரதம்.

டென்ட்ரிடிக் செல் என்பதும் இயல்பு எதிர்ப்பைச் சேர்ந்ததுதான். டி செல்லை எழுப்புவது அதன் வேலை. எழுப்ப இரண்டு கையெழுத்து வேண்டும், கூட்டுக் கணக்குக் காசோலை போல. கிருமித் துண்டைக் காட்டுவது ஒரு கையெழுத்து. சிடி80, சிடி86 என்ற இரண்டு புரதங்கள் இன்னொரு கையெழுத்து. ட்ரெக் தன் சிடிஎல்ஏ-4ஐ நீட்டி அந்த சிடி80, சிடி86ஐப் பற்றி, டென்ட்ரிடிக் செல்லின் மேற்பரப்பிலிருந்து பிய்த்து, தனக்குள் இழுத்துக்கொண்டு, செரித்தே விடுகிறது. 2011இல் டேவிட் சான்சமின் குழு இதைப் படம் பிடித்தே காட்டியது. கெஞ்சுவதோ உத்தரவிடுவதோ கிடையாது, பேனாவையே பிடுங்கித் தின்றுவிடுகிறது. டென்ட்ரிடிக் செல் உயிரோடுதான் இருக்கிறது, கையெழுத்துப் போட மட்டும் வழியில்லை.

சிடிஎல்ஏ-4ஐத் தடுக்கும் இபிலிமுமாப் என்ற புற்றுநோய் மருந்துக்கு 2011இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அதைப் பெறுகிறவர்களில் சிலருக்குக் கடுமையான குடல் அழற்சி வருகிறது. பேனாவைத் திருப்பிக் கொடுத்தால் குடலிலும் கையெழுத்துப் போடத் தொடங்கிவிடுகிறார்கள்.

12 அக்டோபர், சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதற்கு ஒரு திருத்தம். அந்த மருந்தின் விளைவு முழுவதும் ட்ரெக் வழியாகத்தான் என்று படிக்க வேண்டாம். சாதாரண டி செல்லும் விழித்தபின் சிடிஎல்ஏ-4ஐ வெளியே காட்டும். உவமை நன்றாக வந்துவிட்டால் நான் கொஞ்சம் ஓடிவிடுகிறேன்.

14 அக்டோபர்

என்.கே. செல்லை (வைரஸ் புகுந்த செல்லைக் கொல்லும் இயல்பு எதிர்ப்புச் செல்) பற்றிக் கேட்டவருக்கு: அங்கே ட்ரெக் வேறு தந்திரம் வைத்திருக்கிறது. ஐஎல்-2 என்ற வளர்ச்சிப் பொருளுக்கான ஏற்பியில் சிடி25 என்றொரு பகுதி உண்டு. அது ட்ரெக்கின் மேல் எப்போதும் ஏராளமாக இருக்கும். பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்து பாயசத்தை வாளியோடு காலி செய்கிறவரைப் பார்த்திருப்பீர்கள். கடைசி இலையில் இருக்கும் என்.கே. செல்லுக்குப் பெயருக்குக்கூட மிஞ்சாது. எலிகளில் ட்ரெக்கை நீக்கியதும் என்.கே. செல்கள் சுறுசுறுப்பானதை 2013இல் காட்டினார்கள். மிஞ்சிய பாயசத்தால் வந்த சுறுசுறுப்பு.

மருத்துவத்தில் இதன் வேடிக்கை: ஐஎல்-2ஐ அதிக அளவில் கொடுத்து எதிர்ப்பைத் தூண்டுவது சிறுநீரகப் புற்றுநோய்க்கு 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிகிச்சை. அதே பொருளை மிகச் சிறிய அளவில் கொடுத்தால் ட்ரெக் மட்டும் குடித்துப் பெருகி, எதிர்ப்பு தணிகிறது என்று 2011இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒரே வாளிதான், எத்தனை கரண்டி என்பதில் இருக்கிறது.

15 அக்டோபர்

பாயச உவமை வகுப்பில் எடுபட்டது என்று டீச்சர் எழுதியிருக்கிறார். மேக்ரோஃபேஜுக்கு அதைப் பொருத்த வேண்டாம் டீச்சர், என்.கே. செல்லுக்கு மட்டும்.

17 அக்டோபர்

இன்று கொஞ்சம் வம்பு.

நோபல் குழு தொலைபேசியில் கூப்பிட்டபோது மேரி பிரங்கோ, ஸ்வீடன் எண்ணைப் பார்த்து ஏதோ தொல்லை அழைப்பு என்று எடுக்கவில்லை. ஃபிரெட் ராம்ஸ்டெல் தொலைபேசிக்கு எட்டாத மலைப்பக்கம் நடைப்பயணத்தில் இருந்தார். பரிசு பெற்ற மூவரில் ஷிமோன் சகாகுச்சிதான் முறையாகக் கிடைத்தார். அவர் கதைதான் எனக்கு நெருக்கம். 1970களில் "அடக்கும் டி செல்" என்று ஒரு கூட்டமே பேசிக்கொண்டிருந்தது. அந்தச் செல்லின் அடையாளம் என்று சொல்லப்பட்ட மரபணு, எலியின் குரோமோசோமில் இருக்க வேண்டிய இடத்திலேயே இல்லை என்று 1980களின் தொடக்கத்தில் தெரிந்ததும் கூட்டம் கலைந்தது. அந்தப் பெயரைச் சொன்னாலே சிரிப்பார்கள் என்று எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் சொல்வார். சகாகுச்சி மட்டும் 1969ஆம் ஆண்டு ஜப்பானியச் சோதனை ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பிறந்த 3ஆம் நாள் தைமஸை எடுத்துவிட்டால் பெண் எலிகளின் சினைப்பை அழிகிறது என்பது அந்தச் சோதனை. 1995இல் அவர் சிடி25 உள்ள டி செல்களைத்தான் அந்தக் காவலர்கள் என்று காட்டினார். தைமஸை 3ஆம் நாள் எடுத்தால் கெடுகிறது, சில நாள் தாமதித்து எடுத்தால் கெடுவதில்லை. காவலர்கள் அதற்குள் வெளியே போய்க் குடியேறிவிட்டார்கள். முதல் நாள் இரவு நான் எழுதிய "ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறான்" என்பதற்குச் சான்று கேட்டால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரங்கோவும் ராம்ஸ்டெல்லும் பிடித்தது இன்னொரு முனை. 1949இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் தானாகத் தோன்றிய, தோல் செதில் செதிலாக உரிந்து சில வாரங்களில் இறந்துபோகும் ஆண் எலிகள். 2001இல் அதன் காரணம் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணு என்று கண்டார்கள். ட்ரெக் உருவாக அது வேண்டும் என்பது பிறகு தெரிந்தது. அதே மரபணு பழுதானால் மனிதக் குழந்தைக்கும் ஐபெக்ஸ் என்ற நோய் வருகிறது: பிறந்த சில மாதங்களிலேயே ஓயாத வயிற்றுப்போக்கு, சர்க்கரை நோய், தோல் அழற்சி.

"எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று அச்சடித்த டப்பாவை மருந்துக்கடையில் பார்க்கும்போதெல்லாம் அந்த எலிதான் என் நினைவுக்கு வருகிறது. எதிர்ப்புச் சக்தி கூடிக் கூடிச் செத்த எலி.

21 அக்டோபர்

தீபாவளிக்கு மறுநாள். தெரு முழுக்கச் சிவப்புக் காகிதம், அதன்மேல் இரவு பெய்த மழை. மாநகராட்சிப் பெண்கள் இருவர் தென்னந்துடைப்பத்தால் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். காய்ந்த காகிதம் என்றால் ஒரே வீச்சில் போய்விடும், நனைந்தது தாரோடு ஒட்டிக்கொள்கிறது. பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், இத்தனை நாளும் "அடக்குவது" பற்றியே எழுதிவிட்டேன், கூட்டிப் பெருக்குவதை விட்டுவிட்டேன் என்று உறைத்தது.

வெடித்து முடிந்த நியூட்ரோஃபில் அந்தக் காகிதம்தான். செத்த செல்லை மேக்ரோஃபேஜ் விழுங்கி அகற்றாவிட்டால் அது உடைந்து, உள்ளிருப்பது கொட்டி, மறுபடி அழற்சி. 2009இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் எலிகளின் நுரையீரலில் எல்பிஎஸ் விட்டுப் பார்த்தார்கள். சாதாரண எலிகள் சில நாட்களில் தேறிவந்தன. டி, பி செல் இல்லாத எலிகள் தேறத் திணறின. ட்ரெக் கொடுத்ததும் அவையும் தேறின. அடி விழுந்தபின் எழுந்து வருவதற்கு ட்ரெக் வேண்டியிருந்தது.

2018இல் வந்த இன்னொரு ஆய்வு, துடைப்பத்தைக் கையில் கொடுப்பது யார் என்று காட்டியது. ட்ரெக் ஐஎல்-13 சுரக்கிறது. அதைப் பெற்ற மேக்ரோஃபேஜ் தானே ஐஎல்-10 சுரக்கிறது. அந்த ஐஎல்-10, விழுங்குவதற்கான உள் இயந்திரத்தை முடுக்குகிறது. இரத்தக் குழாய்க் கொழுப்புப் படிவிலும் செத்த செல்கள் இப்படி அகற்றப்படுவதைப் பார்த்திருக்கிறார்கள். 12ஆம் தேதி ஐஎல்-10ஐ ட்ரெக்கின் ஆயுதம் என்று எழுதினேன். இங்கே அதை மேக்ரோஃபேஜே தயாரிக்கிறது, ட்ரெக் சொல்லிக் கொடுத்ததோடு சரி.

23 அக்டோபர்

டீச்சரின் மாணவி மறுபடி வந்துவிட்டாள். "அப்படியென்றால் தொற்று நேரத்தில் ட்ரெக்கை எடுத்துவிட்டால் கிருமி சீக்கிரம் சாகுமா?"

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2008இல் வந்த கட்டுரை என் கன்னத்தில் அறைந்தது. எலிகளின் பிறப்புறுப்பில் ஹெர்பிஸ் வைரஸ் 2ஐத் தொற்ற வைத்தார்கள். ட்ரெக் நீக்கிய எலிகளில் வைரஸ் கூடியது, எலிகள் சீக்கிரம் செத்தன. காரணம்: என்.கே. செல், டென்ட்ரிடிக் செல் எல்லாம் தொற்று நடக்கும் இடத்துக்கு வர வேண்டியவை, தாமதமாக வந்தன. அழைப்புச் சமிக்ஞை தொற்றிடத்தில் குறைந்து, நிணநீர்க் கணுவில் கூடியிருந்தது. கல்யாண வீட்டு வாசலில் நின்று "நீங்கள் உள்ளே போங்கள், நீங்கள் சாப்பாட்டுப் பக்கம்" என்று சொல்லும் மாமா இல்லாவிட்டால் எல்லோரும் பந்தலிலேயே நின்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் எல்லாத் தொற்றிலும் ட்ரெக் நம் பக்கம் இல்லை. யானைக்கால் புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தில் நுண்புழு ஓடிக்கொண்டிருந்தும் காலில் வீக்கமே இல்லாமல் நடமாடுகிறவர்கள் பலர். அவர்களிடம் எதிர்ப்பு ஒழுங்குபடுத்தும் பக்கம் சாய்ந்திருக்கிறது, ஐஎல்-10 அதிகம். கால் தப்பியது, புழுவும் தப்பியது. யாருக்கு வெற்றி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

24 அக்டோபர்

ஒருவர் தனிச்செய்தியில், ட்ரெக்கைப் பெருக்கும் மருந்து ஏன் ஊசியாக வரவில்லை என்று கேட்கிறார். 2006 மார்ச்சில் லண்டனில் 6 ஆரோக்கியமான ஆண்களுக்கு டிஜிஎன்1412 என்ற ஆன்டிபாடியைச் செலுத்தினார்கள். விலங்குகளில் இந்த வகை ஆன்டிபாடி ட்ரெக்கைப் பெருக்கி அழற்சியைத் தணித்திருந்தது. மனிதர்களில் ஒன்றரை மணி நேரத்துக்குள் சைட்டோகைன் புயல், அதாவது அழற்சிச் சமிக்ஞைப் புரதங்களின் வெள்ளம். ஆறு பேரும் தீவிர சிகிச்சையில் கிடந்து பிழைத்தார்கள். மனிதனிடம் அனுபவம் பெற்ற டி செல்கள் ஏராளம், கூண்டில் சுத்தமாக வளர்ந்த எலியிடம் அவை குறைவு. ஊசி போட்டவர்கள் ட்ரெக்கை எழுப்ப நினைத்தார்கள், பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் எழுந்துவிட்டார்கள்.

26 அக்டோபர்

9ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். இயல்பு எதிர்ப்பை அடக்குவது ட்ரெக்கின் தனி உரிமை என்ற தொனி வந்திருக்கிறது. தவறு. 2007இல் நேச்சர் மெடிசினில் வந்த ஆய்வில், டி செல் இல்லாத எலிகளுக்கு வைரஸோ, வைரஸ் போலத் தோற்றமளிக்கும் செயற்கை ஆர்என்ஏவோ கொடுத்தபோது, என்.கே. செல்லும் டிஎன்எஃப்பும் சேர்ந்து கிளப்பிய புயலில் எலிகள் இறந்தன. கிருமியைக் கொல்ல ஆளில்லாமல் சாகவில்லை, தன் படையாலேயே செத்தன. அந்தப் புயலை ட்ரெக் மட்டுமல்ல, சும்மா இருக்கும் சாதாரண டி செல்களும் ஒட்டி நின்றே தணித்தன. ஃபாக்ஸ்பி3 இல்லாதவைகூட.

அப்படியானால் என் தட்டில் சாதாரண டி செல் வரிசை ஏன் அடர் மஞ்சளாகவே இருந்தது? அங்கே வைரஸும் எலியும், இங்கே எல்பிஎஸ்ஸும் மனித மோனோசைட்டும். வேறுபாட்டுக்கு அது போதுமா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

27 அக்டோபர்

தட்டின் கோளாற்றைச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். இரண்டு கோளாறு.

ஒன்று, முதல் சில முறை நான் சிடி25ஐ மட்டும் நம்பிப் பிரித்தேன். மனிதரில் விழித்த சாதாரண டி செல்லும் சிடி25 காட்டும். ஃபாக்ஸ்பி3ஐப் பார்த்து உறுதி செய்யலாமே என்றால், அது செல்லுக்கு உள்ளே இருப்பது. பார்க்கச் செல்லைத் துளைக்க வேண்டும், துளைத்தால் செத்துவிடும். மேற்பரப்பில் சிடி127 என்ற புரதம் குறைவாக உள்ளதை எடுங்கள் என்று 2006இல் இரண்டு குழுக்கள் சொன்ன வழிக்குப் பிறகு மாறினேன். மஞ்சள் தட்டு அதற்குப் பிந்தையது, ஆகவே இந்தக் கோளாறு அதில் இல்லை.

இரண்டாவது வெட்கக்கேடு. தட்டைக் காட்டிக்கொண்டு திரிந்தபோது ஒரு மூத்தவர், "ட்ரெக் வரிசையில் மோனோசைட்டை எண்ணினாயா?" என்று கேட்டார். எண்ணினேன் என்றேன். எண்ணியது ஒரே ஒரு குழாயை. ட்ரெக் வரிசைக்கு வேறு குழாயிலிருந்து ஊற்றியிருந்தேன்.

2 நவம்பர்

பரணில் பழைய குறிப்பேடு கிடைத்தது. கரையான் ஓரத்தைத் தின்றிருக்கிறது, அந்தப் பக்கம் தப்பியிருக்கிறது. இரண்டாவது குழாயை மறுநாள் எண்ணி, பென்சிலால் மூலையில் எழுதி வைத்திருக்கிறேன். 100 மோனோசைட் இருக்க வேண்டிய இடத்தில் 60தான் ஊற்றியிருக்கிறேன். அதைக் கணக்கில் சேர்த்தால், ட்ரெக் வரிசையில் டிஎன்எஃப் கால்வாசியாகவில்லை, பாதிக்குச் சற்றுக் குறைந்த அளவுக்குத்தான் இறங்கியிருக்கிறது. மிச்சம், நான் குறைவாக ஊற்றியதன் விளைவு.

டீச்சர், வகுப்பில் "கால்வாசி" என்று சொல்லியிருந்தால் திருத்திவிடுங்கள். அந்த மாணவி எப்படியும் கேட்பாள்.